யந்திரத்திற்கு அடக்கம் கற்பித்தவர்

நல்ல ஊழியனுக்கு இலக்கணம் யாது? ஏவிய வேலையைச் செய்பவன் நல்லவன். ஏவாமலே குறிப்பறிந்து செய்பவன் அவனினும் நல்லவன். ஆனால் குறிப்பைத் தவறாக உணர்ந்து, எஜமானன் கணக்கெழுதும் வேளையில் குறுக்கே வந்து நின்று கேளாத யோசனை கூறுபவனைவிட, ஒன்றுமறியாத மூடனே மேல். இந்த உண்மை யந்திரங்களுக்கும் பொருந்தும் என்பதைக் கணித முறையால் ஆராய்ந்து காட்டியவர் அமெரிக்க விஞ்ஞானியான டாக்டர் எரிக் ஹார்விட்ஸ்.

இவர் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் 1990-ல் ஆராய்ச்சிப் பட்டமும், 1994-ல் வைத்தியப் பட்டமும் பெற்றவர். நோய் இன்னதென்று நிச்சயமாகத் தெரியாத நிலையிலும் வைத்தியன் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். காத்திருப்பதிலும் ஆபத்து உண்டு. அவசரப்படுவதிலும் ஆபத்து உண்டு. நிச்சயமின்மையை இவ்வாறு நிறுத்துப் பார்க்கும் வழக்கத்தையே இவர் கம்ப்யூட்டருக்கும் கற்பிக்க முயன்றார். 1993-ல் மைக்ரோஸாப்ட் கம்பெனியின் ஆராய்ச்சிப் பகுதியில் சேர்ந்தார்.

அங்கே 'லூமியேர்' என்ற பெயருடன் நடந்த ஆராய்ச்சியில் விநோதமான பரீட்சை ஒன்று செய்யப்பட்டது. கணக்குப் பட்டியல் தயாரிப்பவர்களை ஓர் அறையில் அமர்த்தி, வேறோர் அறையிலிருந்து நிபுணர்கள் அவர்களுடைய வேலையைத் திரையில் கவனித்து, யந்திரமே பேசுவதுபோல் எழுத்து மூலம் யோசனை கூறினர். யோசனை வெறும் ஊகமே என்று முன்னரே தெரிவித்திருந்தும், பலர் தம் காரியத்தை விட்டு அதன் பின்னே சென்று தடுமாறினர். மனித நிபுணருக்கே பிறர் கருத்தை அறிவது இத்தனை கடினம்! நாளடைவில் அந்நிபுணர்கள், "தாங்கள் இன்னது செய்ய விரும்பினால்" என்று நிபந்தனையோடு பேசக் கற்றனர்.

கம்பெனியோ இந்தப் பாடத்தை முழுவதும் ஏற்கவில்லை. 'ஆபீஸ் 97' மென்பொருளில் காகிதக் கிளிப் உருவில் ஓர் உதவியாளனைத் திரையில் தோன்றச் செய்தது. உபயோகிப்பவரின் தேர்ச்சியை நினைவில் வைத்து, அதற்கேற்ப நடந்துகொள்ளும் அம்சம் அதில் இடம்பெறவில்லை. நெடுநாள் பழகியவரையும் புதியவராகவே பாவித்து அது குறுக்கிட்டது. ஜனங்கள் எரிச்சலடைந்து பரிகசித்தனர். 2001-ஆம் வருஷப் பதிப்பில் அது தானாகத் தோன்றாதபடி செய்யப்பட்டது. 2007-ஆம் வருஷப் பதிப்பில் அடியோடு நீக்கப்பட்டது.

ஹார்விட்ஸ் சளைக்கவில்லை. 1999-ல் வெளியிட்ட கட்டுரையொன்றில், மனிதனும் யந்திரமும் முறைவைத்து முன்கை எடுப்பதற்கான விதிகளை வகுத்தார். அதில் அவர் விவரித்த 'லுக் அவுட்' என்னும் சாதனம், வந்த கடிதத்தைப் படித்து, சந்திப்புக்கு நாள் குறிக்க உதவுவது. உரியவரின் விருப்பம் அதுவாக இருக்குமோ என்பதை அது மதிப்பிடும். சாத்தியம் குறைவாயின் வாளாவிருக்கும். நடுத்தரமாயின் பணிவாகக் கேட்கும். மிகுதியாயின் தானே செய்யும். கடிதத்தை வாசித்து முடிக்க அவகாசம் கொடுத்த பிறகே வாய் திறக்கும். தன் அறியாமையை அறிதலே யந்திரத்திற்கு முதல் அறிவு என்பதே இதன் சாரம்.

2014-ல் ஸ்டான்போர்டில், யந்திர அறிவினால் சமூகத்திற்கு நேரும் விளைவுகளை நூறாண்டுக் காலம் தொடர்ந்து ஆராயும் ஏற்பாட்டிற்கு இவரே வித்திட்டார். 2020-ல் கம்பெனியின் தலைமை விஞ்ஞானியாக நியமிக்கப்பட்டார்.

இவ்வளவு உயர்ந்த பதவியாலும் ஒரு முரண்பாடு தீர்ந்துவிடவில்லை. யந்திரம் மௌனமாக இருக்க வேண்டிய தருணத்தை விஞ்ஞானி கணக்கிட்டுச் சொல்லலாம். ஆனால் மௌனத்தை விற்பனை செய்ய எந்த வியாபாரி முன்வருவான்? இன்றோ யந்திரங்கள் மனிதரைப்போல் சரளமாக உரையாடுகின்றன. அறியாததையும் அறிந்ததுபோல் அவை கூறுவதுண்டு. காகிதக் கிளிப்பின் பிழை எளிதில் கண்ணுக்குத் தெரிந்தது. இவற்றின் பிழை இனிய நடைக்குள் மறைந்து நிற்கிறது.

ஆகவே இந்த விஷயத்தை விஞ்ஞானிகளிடமும் கம்பெனிகளிடமும் மாத்திரம் விட்டுவிடலாகாது. கிளிப்பை வெளியேற்றியதில் ஜனங்களின் அதிருப்திக்கும் பெரும் பங்கு உண்டு. யந்திரம் ஊழியனாக இருக்கும் வரையில்தான் அது நமக்கு நன்மை. அதை ஊழியனாகவே வைத்திருப்பது எஜமானர்களாகிய நம்முடைய கடமை.