படகுக்குப் பதில் விமானம்: வியட்நாம் அகதிகளுக்குச் சட்டப்படி வழிதிறந்த திட்டம்

1979-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மட்டும் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வியட்நாமியர்கள் படகுகளில் தென்கிழக்கு ஆசியக் கரைகளை அடைந்தனர். நடுக்கடலில் மூழ்கியோர் இக்கணக்கில் சேரவில்லை. அம்மாத இறுதியில் மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ் ஆகிய ஐந்து நாடுகளும் இனிப் புதிதாக எவரையும் ஏற்க இயலாது என அறிவித்தன.

இதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, மே 30-ஆம் தேதி, ஐ.நா. அகதிகளுக்கான உயர் ஆணையமும் வியட்நாம் அரசும் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தன. உறவினருடன் இணைய விரும்புவோரும், மனிதாபிமானக் காரணம் உடையோரும் சட்டப்படி நாட்டை விட்டுச் செல்லலாம் என்பதே அதன் சாரம். ‘முறையான புறப்பாட்டுத் திட்டம்’ இவ்வாறு பிறந்தது.

ஜூலையில் ஜெனீவாவில் 65 நாடுகள் கூடின. அகதிகளைக் குடியமர்த்த நாடுகள் அளித்த உறுதி 1 லட்சத்து 25 ஆயிரம் இடங்களிலிருந்து 2 லட்சத்து 60 ஆயிரமாக உயர்ந்தது. சட்டவிரோதப் புறப்பாடுகளைத் தடுக்க வியட்நாமும் ஒப்புக்கொண்டது. கடலில் உயிரிழப்பைக் குறைக்க இது உதவும் என்பது உண்மையே. எனினும், தம் நாட்டை விட்டு வெளியேறும் உரிமையை உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 13-ஆவது பிரிவு எவருக்கும் வழங்குகிறது. அந்த உரிமையைக் கட்டுப்படுத்துவதை உலக நாடுகளே வரவேற்ற முரண் இதில் அடங்கியிருந்தது.

மற்றொரு சிக்கலும் இருந்தது. 1951-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி, சொந்த நாட்டுக்கு வெளியே இருப்பவரே அகதி. இத்திட்டத்தில் விண்ணப்பித்தவரோ, தாம் அஞ்சும் அதே அரசின் வெளியேறும் அனுமதிக்காக உள்நாட்டிலேயே காத்திருக்க வேண்டியிருந்தது. வியட்நாம் அனுப்ப முன்வந்தோர் பட்டியல் ஒன்று. அமெரிக்கா ஏற்க விரும்பியோர் பட்டியல் வேறொன்று. தொடக்கத்தில் இரண்டிலும் இடம்பெற்ற பெயர்கள் மிகக் குறைவு. இரு நாடுகளுக்கும் இடையே அப்போது தூதரக உறவு இல்லை என்பதால் ஐ.நா. ஆணையமே இடைநின்று பேசியது. அமெரிக்கா தன் திட்ட அலுவலகத்தை பாங்காக்கில் அமைத்தது.

மெல்லத் தொடங்கிய திட்டம் பின்னர் வேகம் பிடித்தது. 1984-இல் 29,100 பேர் இவ்வழியே சென்றனர். அவ்வாண்டு படகில் வந்து சேர்ந்தோர் 24,865 பேர். சட்டப்படியான வழி படகை முந்திய ஆண்டு அது.

ஆயினும், மிகுந்த ஆபத்தில் இருந்தோருக்கு இந்த வாசல் தாமதமாகவே திறந்தது. போருக்குப் பின் ‘மறுகல்வி முகாம்’களில் அடைக்கப்பட்ட முன்னாள் தென்வியட்நாம் அதிகாரிகளும் வீரர்களும் பெருமளவில் வெளியேற வழிசெய்த அமெரிக்க - வியட்நாம் உடன்பாடு 1989-இல்தான் எட்டப்பட்டது. இடையில் 1986-இல் அமெரிக்க நேர்காணல்கள் நின்றுபோய், மறு ஆண்டுதான் மீண்டும் தொடங்கின.

1980-களின் இறுதியில் படகுகள் மீண்டும் பெருகின. 1989 ஜூனில் ஜெனீவாவில் கூடிய நாடுகள் புதிய செயல்திட்டத்தை ஏற்றன. அதன்படி, குறித்த நாளுக்குப் பின் வந்தோர் ஒவ்வொருவரும் அகதிதானா என ஆராயப்பட்டனர். தகுதி பெறாத ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வியட்நாமுக்குத் திரும்ப நேர்ந்தது. முறையான புறப்பாட்டுத் திட்டமோ மேலும் விரிவாக்கப்பட்டது.

மொத்தத்தில் 6 லட்சத்து 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இத்திட்டத்தின்கீழ் வெளியேறினர். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கா சென்றனர். புதிய விண்ணப்பங்களைப் பெறுவதை அமெரிக்கா 1994 செப்டம்பரில் நிறுத்தியது. பாங்காக் அலுவலகம் 1999-இல் மூடப்பட்டது.