பட்டியல், உக்கிராணம், பந்தி: அந்தமானில் ஒரு கைது விவரத்தைத் தேடிச் சரிபார்ப்பது எப்படி?

இன்னார் இந்த ஜெயிலில் இருக்கிறாரா என்று பெயரைத் தட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பொதுப் பட்டியல் எதுவும் இந்தியாவில் கிடையாது. அமெரிக்காவில் பல கவுண்டிகளின் ஷெரிஃப் அலுவலகங்கள், சிறையில் உள்ளவர்களின் பெயர், புகைப்படம், ஜாமீன் தொகை வரை இணையத்தில் போட்டுவிடுகின்றன. அதைப் பார்த்துப் பழகிய கண்ணோடு இங்கே தேடினால், காசு கேட்கும் தனியார் தளங்களில் போய் மாட்டிக்கொள்வோம். அந்தப் பக்கமே போக வேண்டாம். நம்மிடம் விவரம் இல்லாமல் இல்லை. அது மூன்று இடங்களில், மூன்று வேறு கைகளில் இருக்கிறது. எது யாரிடம் என்று தெரிந்துவிட்டால் பெரும்பகுதியைக் கைப்பேசியிலேயே, காசு செலவில்லாமல் பார்த்துவிடலாம்.

அந்தமானை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி அங்கே தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 15 சதவீதம். ராமநாதபுரத்திலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் பிழைக்கப் போனவர்கள் உண்டு. சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறியவர்களும் உண்டு. ஆள் தீவில், குடும்பம் இங்கே, நடுவில் கடல். ஸ்டேஷன் வாசலில் போய் நின்று விசாரிக்க முடியாதவர்களுக்கு இந்தத் தேடல் தெரிந்திருப்பது மிகவும் அவசியம்.

கல்யாண வீட்டுச் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் சமையல்காரர் ஒரு மளிகைப் பட்டியல் எழுதித் தருவார். பிறகு சாமான்கள் உக்கிராண அறைக்குள் போகும். உள்ளே வந்தது, வெளியே போனது எல்லாம் உக்கிராணக்காரரின் நோட்டில் ஏறும். கடைசியில் பந்தி. இலையில் என்ன விழுந்தது என்று அங்கேதான் தெரியும். காவல் நிலையத்தின் எஃப்.ஐ.ஆர்.தான் அந்தப் பட்டியல். சிறைப் பதிவேடு உக்கிராண நோட்டு. கோர்ட் உத்தரவு பந்தி. பட்டியலில் வெல்லம் இருந்தது, அதனால் பந்தியில் பாயசம் போட்டார்கள் என்று யாரும் சொல்ல மாட்டோம். எஃப்.ஐ.ஆரில் பெயர் வந்த ஒருவரைக் குற்றவாளி என்று மட்டும் உடனே சொல்லிவிடுகிறோம்.

முதலில் பட்டியல். 2016 செப்டம்பர் 7 அன்று, யூத் பார் அசோசியேஷன் தொடுத்த வழக்கில், எஃப்.ஐ.ஆர். பதிவான 24 மணி நேரத்துக்குள் அதைக் காவல் துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இணைப்புச் சிக்கல் இருந்தால் 48 மணி நேரம். இடத்தின் தொலைவால் இணைப்புக் கிடைக்காத ஊர்களுக்கு அதிகபட்சம் 72 மணி நேரம். அந்தமானுக்கு இந்த விலக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் போட்டு 2020 ஆகஸ்ட் 10-இல் திறக்கும்வரை, மொத்தத் தீவுக்கூட்டமும் செயற்கைக்கோள் இணைப்பை நம்பித்தான் இருந்தது. ஆகவே நேற்று நடந்த கைதுக்கு இன்று எஃப்.ஐ.ஆர். தென்படவில்லை என்றால் பதற வேண்டாம். மூன்று நாள் பொறுத்துப் பாருங்கள்.

எல்லா எஃப்.ஐ.ஆரும் ஏறாது. பாலியல் குற்றம், போக்சோ, பயங்கரவாதம் போன்றவை இணையத்துக்கு வராது. அப்படிப்பட்ட வழக்கிலும் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புக்கு வழி உண்டு: கோர்ட்டில் மனுப் போட்டு நகல் கேட்கலாம். மற்ற வழக்குகளில் அவர் சார்பாக உறவினரோ வக்கீலோ காவல் துறையிடம் மனுக் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

எஃப்.ஐ.ஆர். கையில் கிடைத்ததும் முதல் வரியைப் பாருங்கள். மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு, எஃப்.ஐ.ஆர். எண், தேதி என்று ஐந்து விவரம் இருக்கும். அதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அபர்டீன், பஹார்காவ், ஹட் பே, ரங்கத், டிக்லிபூர், கேம்ப்பெல் பே என்று ஸ்டேஷன் பெயர் எதுவாக இருந்தாலும், இனி நீங்கள் தேடப்போவது இந்த எண்ணை வைத்துத்தான். ஆள் பெயரை வைத்து அல்ல. பிறகு 2-ஆம் கட்டம்: சட்டமும் பிரிவும். 6-ஆம் கட்டம்: புகார் கொடுத்தவர். 7-ஆம் கட்டத்தில்தான் குற்றம் சாட்டப்பட்டவர் வருவார். அந்தக் கட்டத்தின் தலைப்பிலேயே தெரிந்தவர், சந்தேகிக்கப்படுபவர், தெரியாதவர் என்று மூன்று வகையும் இருக்கும். ஆகவே அங்கே பெயர் இருப்பதால் ஆள் கைதானார் என்று ஆகாது. பெயர் இல்லாததால் கைதாகவில்லை என்றும் ஆகாது.

கைது நடந்ததா என்பதற்குத் தனிப் பதிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, கைதுக் குறிப்பு எழுதி, சாட்சி ஒருவர் கையெழுத்து வாங்க வேண்டும். 48-ஆம் பிரிவுப்படி உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும். நமக்கு முக்கியமானது 37-ஆம் பிரிவு: கைதானவரின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் எல்லாரும் பார்க்கும்படி காட்ட வேண்டும், டிஜிட்டல் முறையிலும் காட்டலாம். இதற்கென்று உதவி சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். ஸ்டேஷனுக்குப் போன் போட்டால், "37-ஆம் பிரிவுப் பொறுப்பு அதிகாரி யார்?" என்று கேளுங்கள். சும்மா விசாரிப்பதைவிட அப்படிக் கேட்டால் பதில் சீக்கிரம் கிடைக்கும்.

கைதான 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கைதின் காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இந்தியிலும் ஆங்கிலத்திலும் அலுவல் நடக்கும் தீவில் தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு தொழிலாளிக்கு இது பெரிய பாதுகாப்பு. அந்தத் தாளைக் குடும்பம் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து உக்கிராணம். மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்தால் ஆள் சிறைக்குப் போவார். அந்தமான் தலைநகரில் அது ப்ரோத்ராபூர் மாவட்டச் சிறை. உள்ளே போனது, கோர்ட்டுக்குப் போய் வந்தது, ஜாமீனில் வெளியே போனது எல்லாம் இ-பிரிசன்ஸ் என்ற மென்பொருளில் ஏறும். ஆனால் கல்யாண வீட்டில் வந்தவர் போனவர் எல்லாரையும் உக்கிராண அறைக்குள் விடுவார்களா? இதுவும் அப்படித்தான். முழு நோட்டைப் பார்ப்பவர்கள் சிறைத் துறை, போலீஸ், கோர்ட். நமக்கென்று இருப்பது ஒரு சின்ன ஜன்னல்: தேசியச் சிறைத் தகவல் தளத்தில் இ-முலாகாத் என்ற பகுதி, அதாவது கைதியைப் பார்க்கப் பதிவு செய்யும் இடம். பார்க்க வருபவரும் பார்க்க வேண்டிய கைதியும் யார் என்று விவரம் கொடுத்துத்தான் அதில் பதிவு செய்ய முடியும்.

இந்தக் கதவு மூடியிருப்பது சரி என்றே நான் நினைக்கிறேன். இதே ஊரில், 1906-இல் கட்டி முடித்த செல்லுலார் சிறையின் காலத்தில், கைதியின் எண், தண்டனைப் பிரிவு, விடுதலைத் தேதி எல்லாவற்றையும் மரச்சீட்டில் பொறித்து அவர் கழுத்திலேயே தொங்கவிட்டார்கள். வழியில் போகிறவர் எவரும் படித்துக்கொள்ளலாம். விசாரணைக் கைதி ஒருவரின் படத்தை உலகம் முழுக்கப் பார்க்கும்படி இணையத்தில் மாட்டுவதை அதிலிருந்து வேறாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது பந்தி. சரிபார்ப்பு உண்மையில் நடக்கும் இடம் இதுதான். இ-கோர்ட்ஸ் தளத்தையோ செயலியையோ திறங்கள். மாநிலம் என்ற இடத்தில் அந்தமான் நிக்கோபாரையும், பிறகு மாவட்டத்தையும், கோர்ட் வளாகத்தையும் தேர்ந்தெடுங்கள். பெயரால் தேடும் கட்டத்தை விட்டுவிட்டு எஃப்.ஐ.ஆர். எண்ணால் தேடும் கட்டத்துக்குப் போங்கள். ஸ்டேஷன், எண், ஆண்டு. நிலுவை, முடிந்தது, இரண்டும் என்ற மூன்றில் 'இரண்டும்' என்பதைத் தொடுங்கள். வழக்கு வந்தால் அதற்கு 16 எழுத்து-எண்கள் கொண்ட சி.என்.ஆர். எண் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டால் இனி வேறு எதுவும் வேண்டாம். அந்த ஒற்றை எண்ணைப் போட்டு எப்போது வேண்டுமானாலும் அடுத்த தேதி, வழக்கின் நிலை, பதிவேற்றிய உத்தரவுகள் எல்லாவற்றையும் பார்க்கலாம்.

எதுவும் வரவில்லையா? குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகே பல வழக்குகளுக்கு எண் விழும். அதற்குக் குற்றத்தைப் பொறுத்து 60 நாளோ 90 நாளோ கூட ஆகலாம். அந்த இடைவெளியில் ஜாமீன் மனு செஷன்ஸ் கோர்ட்டில் தனி வழக்காகப் பதிவாகியிருக்கும், அதையும் தேடுங்கள். உயர் நீதிமன்றத்துக்குப் போன வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தேடிக் களைத்துப்போகிறவர்கள் உண்டு. அந்தமானுக்கு உயர் நீதிமன்றம் கல்கத்தா. அதன் பக்கத்தில் போர்ட் பிளேர் சர்க்யூட் பெஞ்ச் என்று தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கிடைத்த பதிவு நாம் தேடும் ஆளுடையதுதானா என்று பார்ப்பதுதான் மிகக் கவனம் வேண்டிய வேலை. நம் பெயர்கள் இந்தப் பதிவுகளில் பாடாய்ப் படுகின்றன. செல்வம் என்ற பெயரை எழுதுகிறவர் வங்காளியாகவோ இந்திக்காரராகவோ இருந்தால் ஆங்கிலத்தில் எஸ்-இல் தொடங்குவாரா, சி-எச் போடுவாரா என்று சொல்ல முடியாது. கனிமொழியின் ழகரம் எந்த எழுத்தாகவும் மாறலாம். நமக்கு முன்னெழுத்து மட்டும்தான். குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் அப்பா பெயரோ ஊர் பெயரோ போய் உட்கார்ந்துவிடும். ஆகவே பெயர் ஒத்துப்போவதை மட்டும் நம்பாதீர்கள். தந்தை பெயர், வயது, முகவரி, சம்பவ இடம் ஆகியவற்றில் குறைந்தது மூன்று பொருந்த வேண்டும்.

ஊர்ப் பெயரும் மாறியிருக்கிறது. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. ஹேவ்லாக் தீவு 2018 டிசம்பரில் ஸ்வராஜ் தீவானது. நீல் தீவு ஷஹீத் தீவானது. பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் போட்டுப் பாருங்கள். வட, நடு அந்தமான் 2006-இல்தான் தனி மாவட்டமானது என்பதால், அதற்கு முந்தைய மாயாபந்தர் வழக்கில் மாவட்டத்தின் பெயர் வேறாக இருக்கும்.

பிரிவு எண்ணிலும் ஒரு பெரிய குழி இருக்கிறது. 302 என்றாலே கொலை, 420 என்றாலே மோசடி என்று சினிமா பார்த்தே பழகிவிட்டோம். அவை பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் எண்கள். 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா. அதில் கொலைக்குத் தண்டனை 103-ஆம் பிரிவு. 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கில் பேசுவது. மோசடி 318(4)-க்குப் போய்விட்டது. 420 என்ற பிரிவே கிடையாது, மொத்தப் பிரிவுகளே 358தான். எண்ணுக்கு முன்னால் எந்தச் சட்டம் என்று படிக்காமல் ஒருவரைக் கொலைகாரர் என்று சொல்லிவிடும் ஆபத்து இங்கே உண்மையாகவே இருக்கிறது. வீடு வாடகைக்கு விடுகிறவர்களும் வேலைக்கு ஆள் எடுக்கிறவர்களும் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும்.

கடைசி உத்தரவுவரை படியுங்கள். 2025 மார்ச் இறுதியில், வட சென்டினல் தீவுக்குள் போனதாக அமெரிக்கர் ஒருவர் கைதான செய்தி உலகம் முழுக்கப் பரவியது. அதுபோன்ற செய்திகளில் கைது முதல் பக்கத்தில் வரும். ஜாமீனும் விடுதலையும் வந்தாலும் கண்ணில் படாது. விடுதலையானவரைப் பழைய கைதுச் செய்தி விடாமல் துரத்துவது கற்பனையல்ல. குற்ற வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்ட ஒருவர், தீர்ப்பில் உள்ள தன் பெயரை மறைக்கக் கேட்டுப் போராடினார். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 பிப்ரவரியில் அவர் பக்கம் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் விஷயத்தில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது: சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு அடையாளத்தை வெளியிடவே தடை செய்கிறது. அப்படி ஒரு விவரம் உங்கள் கண்ணில் பட்டாலும் பகிரக் கூடாது.

இணையத்தில் எடுத்த அச்சுப் பிரதி தகவலுக்கு மட்டும்தான். எங்கேயும் ஆதாரமாகக் கொடுக்க, வழக்கு நடந்த கோர்ட்டின் சான்றிட்ட நகல் வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு என்றால் பாஸ்போர்ட் சேவா வழியாகப் போலீஸ் கிளியரன்ஸ் சான்று வாங்க வேண்டும். தேடிப் பார்த்தும் ஆள் எங்கே என்று தெரியவில்லை, தீவில் வக்கீலும் தெரியாது என்றால் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அது தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி எண். காவலில் இருப்பவருக்கு அவருடைய வருமானம் எதுவானாலும் இலவசமாக வக்கீல் வைத்துத்தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. போன் செய்யும்போது அந்த ஐந்து விவரம் எழுதிய தாள் கையில் இருக்கட்டும்.