பல கோப்புறைகளில் கிடக்கும் படங்களை ஒன்றுசேர்த்து அச்சிடுவது எப்படி?

பிள்ளைக்குச் சடங்கு வைத்தாலும், தோட்டத்தில் காமன் கூத்து நடந்தாலும் இப்போது நாலு பேர் நாலு போனில் படம் எடுக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து, “அப்பாயி பேத்திக்குத் திருநீறு பூசின படம் எங்கடி?” என்று கேட்டால்தான் வில்லங்கம். ஒன்று கொழும்பில் வேலை செய்யும் மகனின் போனில், இன்னொன்று வாட்ஸ்அப்பில், மற்றது எந்தப் பென் டிரைவிலோ. போன் பழுதானால் அதுவும் போச்சு.

1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் இந்தியாவுக்குப் போன உறவுகளின் முகத்தை எம்மவர் பலர் கண்டது ஸ்டூடியோவில் பிடித்த ஓரிரு கறுப்பு வெள்ளைப் படங்களில்தான். கடதாசிப் படத்துக்கு அந்த ஆயுசு உண்டு. ஆனால் அதுவும் ஒரே இடத்தில் இருந்தால் ஆபத்து. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியபோது, உயிர்களோடு வீட்டில் இருந்தவையும் மண்ணுக்குள் போயின. ஆகவே நல்ல படங்களைத் தெரிவு செய்து இரண்டு பிரதி அச்சிட்டு, ஒன்றை வேறு ஊரிலுள்ள சொந்தக்காரர் வீட்டில் வைப்பது நல்லது என்பது எமது எண்ணம்.

எண்ணூறு படத்தில் முப்பதை எப்படிப் பொறுக்குவது? ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து, ஒவ்வொன்றாகப் பிரதி எடுத்தால் எதை எடுத்தோம், எதை விட்டோம் என்பதே மறந்துவிடும். இதற்கென்றே படங்களை நிர்வகிக்கும் மென்பொருட்கள் உள்ளன. டிஜிகாம் என்பது அவற்றில் ஒன்று. காசு கொடுக்கத் தேவையில்லை. கணனி படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எல்லாப் போன்களிலும் உள்ள படங்களைக் கணனியில் தனித்தனிக் கோப்புறைகளாக இறக்க வேண்டும். டிஜிகாமைத் திறந்ததும் படங்கள் எங்கே உள்ளன என்று கேட்கும். அந்த இடத்தைக் காட்டிவிடுங்கள். பிறகு பிடித்த படத்தின் மேல் மவுஸின் வலப் பொத்தானை அழுத்தி, ‘டேக்’ என்னும் அடையாளப் பெயரொன்றைக் கொடுக்கலாம். ‘சடங்கு அச்சு’ என்று வைப்போமே. எல்லாக் கோப்புறைகளிலும் இப்படிச் செய்தபின், இடது பக்கத்தில் ‘டேக்ஸ்’ என்பதைத் திறந்து அந்தப் பெயரை அழுத்தினால் முப்பது படமும் ஒன்றாக வரிசையில் நிற்கும்.

இது செக்ரோல் மாதிரித்தான். யார் எந்த லயத்தில் குடியிருந்தாலும் பெயர் ஒரே புத்தகத்தில் இருக்கிறதல்லவா? அதற்காக ஆளை லயத்தை விட்டுக் கிளப்புவதில்லை. படமும் தன் கோப்புறையிலேயே இருக்கிறது. இதிலேதான் ஒரு கண்டம் உண்டு. “இந்தப் படம் வேணாம்” என்று அந்த வரிசையில் ‘டிலீட்’ கொடுத்தால் பெயர் மட்டும் நீங்காது, உண்மையான படமே குப்பைக்கூடைக்குப் போய்விடும். வேண்டாத படத்திலிருந்து டேக்கை மாத்திரம் எடுத்துவிடுங்கள்.

இனி வரிசையிலுள்ள எல்லாவற்றையும் தெரிவு செய்து, பிரதி எடுத்து, பென் டிரைவில் புதிய கோப்புறையொன்றில் ஒட்டினால் வேலை முடிந்தது. இரண்டு போன் படங்களுக்கு ஒரே பெயர் இருந்தால், பழையதை மாற்றவா என்று கணனி கேட்கும். அவசரத்தில் ‘ஆம்’ என்று அழுத்திவிடாமல், இரண்டையும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடைசியில் எண்ணிப் பாருங்கள். முப்பது தெரிவு செய்து இருபத்தெட்டு வந்திருந்தால் காரணம் அநேகமாக இதுதான்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கித்தான் வரும். பெரிதாக அச்சிட்டால் மங்கிவிடும். எடுத்தவரிடம் கேட்டு, ‘டொகியுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். 4க்கு 6 அங்குலத்தில் தெளிவாக வர 1200க்கு 1800 புள்ளிகள் இருந்தால் போதும்.

ஸ்டூடியோக்காரரிடம் கொடுக்கும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள். போன் படங்கள் அநேகமாக 4க்கு 3 என்ற அளவானவை. 4க்கு 6 கடதாசியை நிரப்பினால் படத்தின் குறுகிய பக்கத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். பின்வரிசையில் நிற்கும் மாமாவின் தலைதான் முதலில் போகும். “வெள்ளை ஓரம் விட்டாலும் பரவாயில்லை, முழுசா அடிங்க” என்று கேட்டு வாங்குங்கள்.