உங்களுக்குத் தெரியுமா? கதிருக்குப் பிறகு ஸ்கேன் தேடுவது தண்ணீரை!

கதிர் சிகிச்சை முடிந்த புராஸ்டேட், வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தில் சுருங்கிக் கருத்துத் தெரியும். புற்றுநோயும் அதே கருப்புதான்! அதனால் டாக்டர்கள் தண்ணீரைத் தேடுகிறார்கள். கட்டி மிச்சமிருந்தால் அங்கே செல்கள் நெருக்கியடித்துக் கிடக்கும்; நீர் நகர வழியிருக்காது. அந்தத் தேக்கத்தைக் காட்டவே தனியாக ஒரு படம் எடுக்கிறார்கள். அதில் அந்த இடம் வெள்ளையாகப் பளிச்சிடும்.

• இரத்தப் பரிசோதனையில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவு லேசாக ஏறியதுமே பதற வேண்டாம். முதல் இரண்டு மூன்று வருடங்களில் சிலருக்கு ஏறி, தானாகவே இறங்கும். சிகிச்சைக்குப் பின் தொட்ட மிகக் குறைந்த அளவைவிட மில்லிலிட்டருக்கு 2 நானோகிராம் கூடினால்தான் நோய் திரும்பியதாகக் கணக்கு. புராஸ்டேட் புற்றுச் செல்களைத் தேடும் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேனோ சிலருக்கு அதற்கும் முன்பே இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

• மும்பை டாடா நினைவு மருத்துவமனை, ஆபத்து அதிகமுள்ள புராஸ்டேட் புற்றுநோயாளிகள் 224 பேரை ஆராய்ந்தது. பெரும்பாலோருக்குச் சிகிச்சைக்கு முன்பே பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் எடுத்தார்கள். இடுப்பு நிணநீர் முடிச்சுகளுக்கும் சேர்த்துக் கதிர் தந்தபோது, 5 ஆண்டுகளில் பி.எஸ்.ஏ. எல்லை தாண்டாதவர்கள் 95%. புராஸ்டேட் சுரப்பிக்கு மட்டும் தந்தபோது 81%. சின்ன வித்தியாசமில்லை!

• புதுச்சேரி தட்டாஞ்சாவடிக்காரர்களுக்குக் கோரிமேடு ஜிப்மரின் மண்டலப் புற்றுநோய் மையம் பக்கம்தான். போகும்போது பழைய ஸ்கேன் சி.டி.யையும் எடுத்துப் போங்கள். ரிப்போர்ட் மட்டும் போதாது.