தெபொராள் என்றால் தேனீ

உங்கள் வகுப்பில் தெபொராள் என்றோ டெபோரா என்றோ யாராவது உண்டா? எபிரேய மொழியில் 'தெவோரா' என்றால் தேனீ. அதுதான் அந்தப் பெயர்.

பைபிளில் இந்தப் பெயரில் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் ரெபெக்காளின் தாதி. மற்றவர் ஊரறிந்த நியாயாதிபதி. பேரீச்ச மரத்தடியில் அமர்ந்து வழக்குத் தீர்ப்பவர். பெண் குழந்தைக்குத் தேனீ என்று பெயர் வைத்தவர்கள் தேனீ வளர்த்தார்களா? அதைப் பற்றி பைபிளில் ஒரு வார்த்தை இல்லை. தேனீயின் தேன் என்று தெளிவாக வருவது காட்டுத்தேன்தான். சிம்சோன் என்ற பலசாலிக்குத் தேன் கிடைத்தது செத்த சிங்கத்தின் உடலுக்குள்! பைபிள் சொல்லும் தேன் மற்றப் பல இடங்களில் பேரீச்சம்பழப் பாகுதான் என்று அறிஞர்கள் பலர் நினைத்தார்கள்.

2007-இல் மண் வேறு பதில் சொன்னது. வடக்கு இஸ்ரேலில், யோர்தான் பள்ளத்தாக்கில், தெல் ரெகோவ் என்ற மேடு இருக்கிறது. அங்கே எபிரேயப் பல்கலைக்கழகத்தின் அமிகாய் மசார் குழு தோண்டியபோது, வரிசையாக அடுக்கிய மண் உருளைகள் கிடைத்தன. களிமண்ணையும் வைக்கோலையும் பிசைந்து செய்த, சூளையில் சுடாத உருளைகள். நீளம் சுமார் 80 சென்டிமீட்டர். ஒரு முனையில் தேனீ போய்வர ஒரு சிறு துளை. மறுமுனையில் தேனெடுக்க ஒரு மூடி. வயது ஏறக்குறைய 3,000 ஆண்டுகள். கிடைத்தவை சுமார் 30. மொத்தம் நூறாவது இருந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். அதுவும் வீடுகள் நெருங்கிய ஊருக்கு நடுவில்! அக்கம்பக்கத்தார் எத்தனை கொட்டு வாங்கினார்களோ?

ஒருநாள் அங்கே தீப்பிடித்தது. தேனீக்களுக்குக் கெட்ட காலம், நமக்கு நல்ல காலம். கரியாகிப் போனது எளிதில் மட்காது. கருகிய தேனடைக்குள் தேனீயின் தலை, கால், இறக்கைத் துண்டு, புழு, கூட்டுப்புழு எல்லாம் அப்படியே இருந்தன. ஆய்வாளர்கள் அவற்றை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். தேனீயின் இறக்கை நரம்புகள் ஒன்றையொன்று வெட்டும் கோணம் வகைக்கு வகை மாறும். அதையும் கால்களின் அளவையும் வைத்துப் பார்த்தால், இவை அந்த ஊர்த் தேனீக்களே அல்ல! இன்றைய துருக்கியில் வாழும் அனத்தோலியத் தேனீக்களோடுதான் ஒத்துப்போயின. 2010-இல் இந்த முடிவு வெளியானது.

உள்ளூர்த் தேனீ முன்கோபி. தேனும் குறைவாகத்தான் தரும். அனத்தோலியத் தேனீ சாதுவானது, தேனும் அதிகம். எனவே யாரோ அவ்வளவு தூரத்திலிருந்து வரவழைத்திருக்கலாம். அல்லது அன்று அந்த வகை தெற்கு வரை பரவியிருக்கலாம். எனக்கு முதல் பதில்தான் பிடித்திருக்கிறது. ஏனென்றால், 20-ஆம் நூற்றாண்டில் இஸ்ரேலின் தேனீ வளர்ப்போரும் உள்ளூர்த் தேனீயின் கோபம் தாங்காமல் இத்தாலியத் தேனீயை வரவழைத்துக்கொண்டார்கள்.