நம் ஊர்ப் பிள்ளையே நம் பல்லைக் காக்கட்டும்

காலபோக அறுவடை நாட்களில் ஒட்டுசுட்டானுக்கு அப்பாலுள்ள கிராமம் ஒன்றில் ஒரு விவசாயியைச் சந்தித்தேன். கன்னம் வீங்கியிருந்தது. மூன்று கிழமையாகப் பல்வலி. கராம்பை நசுக்கி வைத்துப் பார்த்திருக்கிறார், பனடோலும் விழுங்கியிருக்கிறார். "ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போயிடும் சுவாமி, பஸ் காசு வேற. அறுவடை முடியட்டும்" என்றார். அறுவடை முடிந்தபோது பல்லைக் காப்பாற்றும் காலமும் முடிந்திருந்தது. பிடுங்கத்தான் முடிந்தது.

இது அவர் ஒருவரின் கதையல்ல. இடம்பெயர்ந்த வேளைகளில் பிள்ளைகளையும் நெல்மூட்டையையும் சுமந்தோம். பல்லைப் பற்றி யார் நினைத்தோம்? 1990இன் பின் பல ஆண்டுகள் வன்னியில் மின்சாரம் இருக்கவில்லை. மின்சாரம் இல்லாத இடத்தில் பல்லைத் துளைத்து அடைக்கும் இயந்திரம் ஓடாது. குறட்டால் பிடுங்க மட்டுமே முடியும். இன்று வீதியும் மின்சாரமும் வந்துள்ளன. ஆயினும் ஏ-9 வீதியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் கிராமங்களுக்குப் பல் வைத்தியம் இன்னும் ஒரு நாள் பயணமாகவே இருக்கிறது.

பல் வைத்தியர் ஒருவரை உருவாக்கப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் வேண்டும். வெளியிடத்திலிருந்து வருபவர் சில வருடங்களில் இடமாற்றம் பெற்றுப் போவதும் நாம் அறிந்ததே. அப்படியானால் வழி என்ன?

நியூசிலாந்து காட்டிய வழி

முதலாம் உலகப் போருக்கு ஆள் சேர்த்தபோது, தன் இளைஞர்களின் பற்கள் எவ்வளவு கெட்டுப்போயிருந்தன என்பதை நியூசிலாந்து கண்டது. 1921இல் அந்நாடு இளம் பெண்களுக்கு இரண்டு ஆண்டுப் பயிற்சி அளிக்கத் தொடங்கியது. பிள்ளைகளின் சூத்தைப் பற்களை அடைக்கவும், பாற்பற்களைப் பிடுங்கவும், பல் துலக்கும் முறையைக் கற்பிக்கவும் அவர்கள் பழகினர். பின்பு பாடசாலைகளிலேயே பணியாற்றினர். 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்தின் உதவியோடு இந்த முறை இலங்கைக்கும் வந்தது. மகரகமையில் பயிற்சிப் பாடசாலை அமைந்தது. நம் பாடசாலைகளில் பணிபுரியும் பல் சிகிச்சையாளர்கள் அந்த வழியில் வந்தவர்களே.

அலாஸ்கா என்னும் பனிப்பிரதேசம் இதிலிருந்து இன்னொரு பாடத்தையும் கற்றது. அங்கே விமானத்தில் அல்லது படகில் மட்டுமே போகக்கூடிய பழங்குடிக் கிராமங்கள் பல உள்ளன. வெளியிலிருந்து வரும் வைத்தியர் ஆண்டில் சில நாட்களே தங்குவார். 2003இல் அந்த மக்கள் தங்கள் பிள்ளைகளையே நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கம் 2006இல் இதை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தது. அடுத்த ஆண்டு வழக்கு சமரசமாக முடிந்தது. பயிற்சி பெற்றோர் தம் மக்களிடமே திரும்பிப் பணியாற்றினர். அவர்கள் அதிக நாட்கள் பணியாற்றிய இடங்களில் பல் பிடுங்குவது குறைந்து, தடுப்புச் சிகிச்சை கூடியதைப் பின்னர் நடந்த ஆய்வு காட்டியது.

மின்சாரம் இல்லாமலும் பல் அடைக்கலாம்

1980களில் தன்சானியாவில் ஓர் எளிய முறை உருவாயிற்று. சூத்தையின் இளகிய பகுதியைக் கைக்கருவியால் சுரண்டி எடுத்துவிட்டு, பல்லோடு ஒட்டிக்கொள்ளும் கிளாஸ் அயனோமர் என்ற சீமெந்தால் அடைத்துவிடுவார்கள். துளைக்கருவி வேண்டாம்; மின்சாரமும் வேண்டாம். பெரும்பாலும் மரப்பூசியும் தேவைப்படாது. 1994இல் உலக சுகாதார நிறுவனம் இதனைப் பரப்ப முன்வந்தது. அந்தச் சீமெந்து 2021இல் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலிலும் சேர்ந்தது.

ஒன்றை மறக்கக் கூடாது. பயிற்சி பெற்றவர் வேறு, சந்தையில் பல் பிடுங்கும் போலி வேறு. பயிற்சி பெற்றவர் தன் எல்லையை அறிவார். கடினமான நோயைப் பல் வைத்தியரிடம் அனுப்புவார். அப்படி அனுப்பத் தெரிந்த ஒருவர் ஊரில் இருப்பதே பாதிச் சிகிச்சை.

வெற்றிலை போடுவோர் கவனத்துக்கு

இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்னிற்கிறது. புகையிலையும் பாக்கும் அதற்கு முக்கிய காரணங்கள். வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வாயைத் திறக்கச் சிரமம்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வலி வரும்வரை காத்திராதீர்கள். தொடக்கத்தில் வலி இருப்பதில்லை. பயிற்சி பெற்ற கண் அதை முன்கூட்டியே கண்டுகொள்ளும்.

இப்போதே செய்யக்கூடியவை

* இரவு படுக்குமுன் பல் துலக்குவதைப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள்.
* வவுனியா உட்பட உலர்வலயக் கிணறுகள் பலவற்றில் புளோரைட் கூடுதலாக உள்ளது. பிள்ளையின் பல்லில் பழுப்புக் கறை இருந்தால், துலக்காத குற்றம் என்று அடிக்காதீர்கள். கிணற்று நீரைப் பரிசோதிக்கும்படி பொதுச் சுகாதார பரிசோதகரைக் கேளுங்கள். சிறு பிள்ளைக்குப் பற்பசை சிறிதளவே போதும். அதை விழுங்க விடாதீர்கள்.
* முரசில் இரத்தம் கசிந்தால் துலக்குவதை நிறுத்த வேண்டாம். மெதுவாகத் துலக்கி, சிகிச்சை பெறுங்கள்.
* கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் சேர்ந்து, பாடசாலைப் பல் சிகிச்சை நிலையம் எங்கே, எந்த நாட்களில் இயங்குகிறது என்று அறிந்து அறிவித்தற் பலகையில் எழுதுங்கள்.
* உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சி பற்றிச் சொல்லுங்கள். வர்த்தமானி அறிவித்தலைக் கவனித்துத் தகைமைகளைப் பாருங்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் கடினமானது. "குமர்ப்பிள்ளையைக் கொழும்புப் பக்கம் தனிய அனுப்பப் பயமாக் கிடக்கு சுவாமி" என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். எத்தனையோ இழந்த தாயின் பயம் அது; அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தப் பயத்தை அவர் தனியே சுமக்கத் தேவையில்லை. தங்குமிடம் தேடவும், பயணச் செலவு சேர்க்கவும், கூடப் போய் விட்டுவரவும் ஒரு சங்கத்தால் முடியும். வாய்க்காலை ஊர் கூடித்தானே துப்பரவு செய்கிறோம்! ஒரு பிள்ளையைப் படிக்க அனுப்புவதையும் அப்படியே செய்வோம். அவள் திரும்பி வரும்போது, அடுத்த அறுவடையில் கன்னம் வீங்கி நிற்பவருக்கு ஆஸ்பத்திரி ஒரு நாள் தூரத்தில் இருக்காது.