முகத்தில் முளைத்த மயிர்

நான் கணக்கு ஆசிரியனாக இருந்த ஒரு பள்ளியில், 1994-ஆம் ஆண்டில், பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எந்நேரமும் தாவணித் தலைப்பால் மோவாயை மறைத்துக்கொண்டே அமர்ந்திருப்பாள். கணக்கில் அவளை விஞ்ச அவ்வகுப்பில் ஒருவரும் இல்லை. ஒருநாள் கரும்பலகையில் அவள் பெயரை எழுதி, அதன் அருகில் முறுக்கு மீசை ஒன்றையும் எவனோ வரைந்து வைத்தான். மறுநாள் முதல் அவள் வரவில்லை. வரைந்தவனைக் கண்டுபிடித்துத் தண்டித்தேன். அத்துடன் என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். அப்பெண்ணின் உடலில் நிகழ்வது இன்னதென்று வகுப்பிற்கு எடுத்துரைக்கும் அறிவு அன்று எனக்கு இல்லை. அன்று சொல்லாததை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

மயிர் என்றதும் உங்களுள் சிலர் சிரிக்கக்கூடும். வள்ளுவர் தயக்கமின்றி ஆண்ட சொல் அது, கொச்சை அன்று.

உள்ளங்கை, உள்ளங்கால், உதடு போன்ற சில இடங்கள் நீங்கலாக நம் உடலெங்கும் மயிர்க்கால்கள் உள்ளன. பெண்ணின் மோவாயிலும் அவை உண்டு. ஆயின் அங்கே முளைப்பது மெல்லிய பூனைமயிர். அதனைத் தடித்துக் கறுக்கச் செய்வது ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் வகையாகும். இதனை ஆண் ஹார்மோன் என்று சொல்லிப் பழகிவிட்டதால், பெண்ணுடலில் இது கிடையாது என்று பலர் மயங்குகின்றனர். பெண்ணின் சூலகங்களும், சிறுநீரகங்களின்மேல் குல்லாய் போல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகளும் இதனைச் சிறிதளவு சுரந்தே வருகின்றன. அவ்வளவு மிகும்போது பூனைமயிர் மீசையாகிறது. சிலருக்கு அளவு மிகுவதே இல்லை; மயிர்க்கால்களே அந்த ஹார்மோனுக்கு மிகுதியாக வசப்படுகின்றன.

அளவு மிகுவதற்குப் பெரும்பான்மைக் காரணம் சினைப்பை நீர்க்கட்டி எனப்படும் நிலை. சிக்காகோ நகரத்து மருத்துவர்களான ஸ்டைனும் லெவந்தாலும் 1935-இல் ஏழு பெண்களிடம் கண்டு இதனை விவரித்தனர். ‘கட்டி’ என்ற பெயர் வீண் அச்சத்தை விளைக்கிறது. அவை முதிராமல் நின்றுவிட்ட முட்டைப் பைகளே. மாதவிலக்கு தவறுதலும், முகப்பருவும், எடை மிகுதலும் இதனுடன் வரலாம். இரத்தத்தில் இன்சுலின் மிகுந்தால் அது சூலகத்தைத் தூண்டி ஆண்ட்ரோஜனை மேலும் சுரக்கச் செய்யும்.

நேப்பிள்ஸ் நகரில் ரிபேரா என்னும் ஓவியர் 1631-இல் தீட்டிய படமொன்று உண்டு. மார்பளவு தாடியுடைய மக்தலேனா வெந்தூரா என்னும் தாய், கையில் குழந்தையுடன் அதில் நிற்கிறாள். பின்னே அவள் கணவன். 37-ஆம் வயதில் தாடி முளைக்கத் தொடங்கியது என்று படத்திலேயே பொறித்துள்ளனர். இவ்வாறு பருவம் கடந்து தொடங்கி விரைந்து வளர்ந்தாலும், குரல் தடித்தாலும், சுரப்பியில் கழலை உண்டா என்று மருத்துவர் தாமதமின்றி ஆராய வேண்டும்.

சிறு வயதில் மஞ்சள் பூசாமையே காரணம் என்று தாயைப் பழிப்பது நம் வீடுகளில் வழக்கம். உட்சுரப்பின் குறைக்குத் தாய் என்ன செய்வாள்? மழித்தால் அடர்ந்து வளரும் என்பதும் அவ்வாறே. மில்ட்ரெட் டிராட்டர் என்னும் அமெரிக்க உடற்கூற்று அறிஞர் 1928-லேயே இதனைச் சோதித்து, மழிப்பதால் மயிரின் நிறமும் பருமனும் மாறுவதில்லை என்று காட்டினார். வெட்டுண்ட முனை மழுங்கியிருப்பதால் சொரசொரப்பாகத் தோன்றுகிறது, அவ்வளவே.

ஹார்மோனைச் சீர்செய்யும் மாத்திரைகளை மருத்துவர் தருவர். பலன் தெரிய ஆறு மாதமேனும் ஆகும். ஒவ்வொரு மயிருக்கும் வளர்ந்து, ஓய்ந்து, உதிரும் சுழற்சி உண்டல்லவா? இரண்டே மாதத்தில் வெறுத்து நிறுத்துவோர் பலர். முன்னரே தடித்த மயிரை லேசர் ஒளியாலோ மின்னோட்டத்தாலோ நீக்கலாம். நீக்காமலே வாழ்வோரும் உளர். அது அவரவர் விருப்பம்.

அந்த மாணவி மறு ஆண்டில் தனித்தேர்வராக எழுதித் தேறினாள் என்று கேள்விப்பட்டேன். மாற்றுச் சான்றிதழ் வாங்கப் பள்ளிக்கு வந்தவர் அவள் தந்தை.